தகப்பன் இருக்கையில் எடுத்த மீசை

கோவில்பட்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நேத்து அந்தப் பிள்ளைய வீட்ட விட்டு அனுப்பிட்டீயளே, நியாயமா?" என்று கேட்டார். அனுப்பியது டி.வி. தொடரில் நான் நடிக்கும் பாத்திரம். நான் சிரித்து வைத்தேன். எழுதிக் கொடுத்த வசனம் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

அன்று பேசாததற்கு வேறு காரணமும் இருந்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று தகவல் வந்து, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வந்து இறங்கியிருந்தேன். ஆட்டோவில் ஏறியதும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த கண்ணாடியில் என் மீசையைப் பார்த்தேன்.

மீசையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எனக்குப் பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் ஒரு தடவை படப்பிடிப்பு நடந்தபோது அப்பாவின் செம்மறி ஆடுகளைக் கேட்டார்கள். நான் ஓட்டிக்கொண்டு போனேன். மேய்ப்பவனாக நடிக்க வந்திருந்தவர் பேச்சை ஆடுகள் கேட்கவே இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, அவர் தலைப்பாகையைக் கழற்றி என் தலையில் கட்டினார்கள். "இந்தப் பக்கம் யாரும் வரலீங்க" என்று ஒரு வரி. சொன்னேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த நடிகர் உடைமரத்து நிழலில் வெறுந்தலையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை ரொம்ப நாள் மறக்க முடியவில்லை.

பிறகு சென்னைக்குப் போனேன். சினிமாவில் ஒன்றும் நடக்கவில்லை. டி.வி. தொடர்கள் பெருகிய காலம். தபால்காரர், கான்ஸ்டபிள், கம்பவுண்டர், வாட்ச்மேன், கல்யாணத் தரகர், ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் தலையை ஆட்டும் டாக்டர். ஒரே வாரத்தில் மூன்று தொடர்களில் மூன்று வேலைக்காரர்களாக வந்திருக்கிறேன். யாருக்கும் என் பெயர் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

பத்து வருடம் கழித்துத்தான் நிலையான பாத்திரம் ஒன்று கிடைத்தது. கதாநாயகியின் தாய்மாமன். முறுக்கு மீசை, அதட்டல். அந்த மீசையை நான் என் அப்பாவிடமிருந்துதான் எடுத்தேன். பேசுவதற்கு முன் புறங்கையால் இடது நுனியை மேலே தள்ளுவது, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் தூரத்தில் ஆடுகளை எண்ணுவது போலப் பார்ப்பது, எல்லாம் அவருடையவை. அவரிடம் கேட்டுச் செய்யவில்லை.

அந்தப் பாத்திரம் வந்த பிறகுதான் நானும் என் மனைவியும் மகளை நல்ல பள்ளியில் சேர்த்தோம். கூடவே பயமும் வந்தது. தொடரில் நடிப்பவன் உடம்பு அவனுடையது அல்ல. நேற்று எடுத்த காட்சியின் மிச்சத்தை அடுத்த வாரம் எடுப்பார்கள். முடி ஒரு விரல் குறைந்தாலும் கன்டினியூட்டி போய்விட்டது என்று கத்துவார்கள். நான் மீசையில் கத்திரி வைத்ததே இல்லை. மேக்கப்காரர்தான் ஒதுக்கிவிடுவார். யாருக்காவது உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்றால் ஒரு நாள் பார்ப்பார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். அதோடு சரி. ஜனங்கள் இரண்டு நாளில் புது முகத்துக்குப் பழகிவிடுவார்கள்.

நான் வீட்டுக்கு ஒரே மகன். அப்பா போனால் மொட்டை போட்டு மீசையும் எடுத்துத்தான் கொள்ளி வைக்க வேண்டும். அடுத்த படப்பிடிப்புக்குப் பதினோரு நாள் இருந்தது. ஆட்டோ எங்கள் ஊர் விலக்கில் திரும்பும்போது அப்பாவையும் என் வேலையையும்தான் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். எது பெரிய பயம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பா இருந்தார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நெஞ்சு நிறையச் சளி. மூச்சு இழுக்கும்போது ஓட்டைக் குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். நானே எத்தனை தொடரில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

"யய்யா வந்துட்டியா" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். அந்தக் கை அப்போது என் மீசையில் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். 

மூன்று நாள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சுச் சத்தம் நின்றால் எழுந்து குனிந்து பார்ப்பேன். மறுபடி இழுத்ததும் எனக்கு வரும் நிம்மதி அவருக்காகவா எனக்காகவா என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் அந்த நாட்களில் என்னை மிரட்டியது. சாவு வீட்டில் எப்படி உட்காருவது என்று எனக்குத் தொழில் தெரியும். மகன் எப்படி உட்காருவது என்றுதான் தெரியவில்லை.

நான்காம் நாள் டவுன் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய், எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் படித்தேன். அப்பாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது, மொட்டையோடுதான் வர வேண்டியிருக்கும், என்னை மாற்றிவிடாதீர்கள். மேனேஜர் நல்ல மனிதர். "கவலைப்படாதீங்க சார், டைரக்டர்கிட்ட பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள், நான் நம்பர் கொடுத்திருந்த எங்கள் ஊர்க் கடைக்குப் போன் வந்தது. அந்தப் போனுக்கு வெளியூரிலிருந்து வரும், அதிலிருந்து வெளியூருக்குப் பேச முடியாது. பக்கத்து வீடுதான் கடை. கடைக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணாச்சி, மெட்ராசு" என்றார்.

மேனேஜர் குரலில் சந்தோஷம். "சார், உங்க கேரக்டருக்கு ஊர்ல அப்பா இருக்கார்னு எழுபதாவது எபிசோட்ல ஒரு டயலாக் வருது. ரைட்டர் கண்டுபிடிச்சுட்டார். அவரைப் போக்கிடுறோம். நீங்க மொட்டையோட வந்தாலே போதும். சுடுகாட்டு சீன் வச்சிருக்கோம். பெர்ஃபார்மன்ஸுக்கு நல்ல ஸ்கோப்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். வந்ததிலிருந்து அன்றுதான் வயிறு நிறையத் தின்றேன். அம்மா இன்னொரு அகப்பை போட்டாள். தின்று முடித்துக் கை கழுவினேன். எதற்காக நிம்மதிப்பட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அப்பா கண்ணைத் திறந்து, "மழ விழுந்துச்சாலே?" என்று கேட்டார்.

புரட்டாசி கடைசி. உழுது போட்ட நிலம் மழைக்குக் காத்துக்கிடந்தது. "இன்னும் இல்லப்பா" என்றேன்.

"பின்ன ஏன் எல்லாரும் இங்கன உக்காந்திருக்கிய?" என்றார்.

அன்று கஞ்சி குடித்தார். மறுநாள் கருப்பட்டிக் காப்பி கேட்டார். அதற்கடுத்த நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரரிடம், "என்னவே, கொட்டுக்காரனுக்குச் சொல்லிட்டீரா?" என்று கேட்டார். அவர் முகம் சிறுத்துப்போனது. நிஜமாகவே சாவுக் கொட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் போல. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே சென்னையில் எனக்காக எழுதியிருந்த சாவு நினைவுக்கு வந்தது.

கோவில்பட்டிக்கு ஓடிப்போய்ப் போன் செய்தேன். இந்தத் தடவை துண்டுத்தாள் இல்லை. அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொன்னேன்.

"ரொம்ப நல்ல விஷயம் சார்" என்றார் மேனேஜர்.  "ஆனா எபிசோட் எழுதியாச்சே. சுடுகாட்டுக்குப் பெர்மிஷன் வாங்கியாச்சு. மத்த ஆர்ட்டிஸ்ட் டேட் எல்லாம் அதுக்குத்தான் குடுத்திருக்காங்க. நீங்க வந்துருங்க சார், மொட்டையா. மீசையும் எடுக்கணும், க்ளோசப் இருக்கு." பிறகு மெதுவாக, "இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்பா உயிரோடு இருக்கும் ஆண் மீசையை வழிப்பதில்லை. வழித்தவனைப் பார்த்தால் முதலில் கேட்பது, எப்போது தவறினார் என்றுதான். சென்னையில் அது ஒரு பேச்சே இல்லை. ஆனால் நான் அங்கே பிறக்கவில்லை. மீசையை எடுத்து, அதற்குப் பிறகு அப்பாவுக்கு மறுபடி நெஞ்சில் சளி கட்டினால், அது என் கையால் கட்டியதாகத்தான் எனக்குத் தோன்றும். அம்மாவுக்கும் தோன்றும். எடுக்காமல் இருந்தால் 'இவருக்குப் பதில் இவர்'. உடைமரத்து நிழலில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்குள் வந்தார்.

மொட்டைக்கு அம்மாவே வழி விட்டாள். "ஒங்கப்பா எந்திரிச்சா ஒம் முடிய எறக்குதேன்னு கழுகுமல முருகனுக்கு வேண்டியிருக்கேன். வேலைக்கு எடைஞ்சலா இருக்குமோன்னுதான் சொல்லாம இருக்கேன்" என்றாள்.

"இருக்காதும்மா."

"மீச வேண்டாம். முடி மட்டும்."

 மேனேஜர் கேட்டது மீசையையும்தான் என்று அப்போதே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

கழுகுமலைக்கு பஸ்ஸில் போனோம். மலையடிவாரத்தில் முடி இறக்கும் இடத்தில் இரண்டு குடும்பம் இருந்தது. அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கத் தெருப்பக்கம் போனாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். நாவிதர் வயதானவர். தலையில் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து வழித்துக்கொண்டு வந்தார். முடி மடியில் விழ விழ எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலை முடிந்ததும் துண்டால் துடைத்துவிட்டார்.

"மீசையும்" என்றேன்.

அவர் கத்தியைத் தாழ்த்தினார். "அப்பா இருக்காவளா?"

நான் மடியில் கிடந்த முடியைத் தட்டிவிட்டேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க. இருந்தா நான் கத்தி வைக்க மாட்டேன். எங்க தொழில்ல அது ஆகாது."

தெருமுனையில் அம்மா பூக்காரியிடம் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் புறங்கையால் மீசையின் இடது நுனியை மேலே தள்ளினேன். தூரத்தில் மலையைப் பார்த்தேன். "இல்ல" என்றேன். கொஞ்சம்கூடக் குரல் பிசகவில்லை. தாய்மாமன் குரல். அப்பாவின் குரல்.

"அவிய புண்ணியத்துல நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கத்தி வைத்தார்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அவள் தட்டோடு திரும்பி வந்து என் மேலுதட்டைப் பார்த்தாள். தட்டில் இருந்த தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மறுபடி தட்டில் வைத்தாள். கோயிலுக்குள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் அப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏட்டி, யாரட்டி கூட்டிட்டு வந்திருக்க? நம்ம பய எங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னிடம், "சாமிக்கா, டி.வி.க்கா?" என்றார்.

"தல சாமிக்கு."

அவர் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.  மீசை யாருக்கு என்று அவர் கேட்காதது எனக்கு அடி விழுந்தது போல இருந்தது.

சென்னைக்கு வெளியே ஒரு சுடுகாட்டில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். பாடையில் கிடந்தவர் என்னைப் போலத் துணை நடிகர். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றார். என் வலது தோளில் குடத்தை வைத்துச் சுற்றச் சொன்னார்கள். நான் ஒரு பக்கம் கால் எடுத்து வைத்ததும் கேமராக்காரர், "சார், அந்தப் பக்கம் லைட் இல்ல, முகம் இருட்டா விழுது, இப்படி வாங்க" என்றார். நான் இந்தப் பக்கமாகச் சுற்றினேன். கண்ணில் விட மருந்து கொண்டுவந்தார்கள். வேண்டியிருக்கவில்லை. கட் சொன்ன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நான் ரோட்டுக்கு ஓடி ஊர்க்கடைக்குப் போன் செய்தேன். "அப்பா எப்படி இருக்காவ?" என்றேன். "இந்தா, இங்கன நின்னு சுருட்டு வாங்குதாவ" என்றார் கடைக்காரர்.

அதன் பிறகு பத்து நாள் தூக்கம் சரியில்லை. அந்தக் காட்சி ஒளிபரப்பாகப் போகிறது. ஊரே பார்க்கும். அப்பாவும் பார்ப்பார். தன் மகன் மொட்டைத் தலையோடு தனக்குக் கொள்ளி வைப்பதை ஒரு நோயாளி பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் லீவு கேட்டு ஊருக்கு வந்தேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்பா கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். கரண்டு போக வேண்டும் என்று வேண்டினேன். வேறு நாட்களில் தினமும் போகும். அன்று போகவில்லை. கேபிள்காரர் வயரும் அறுந்துபோகவில்லை. பாட்டு வந்தது, விளம்பரம் வந்தது, பாடை வந்தது.

 பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா அடுப்படியில் எதையோ ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறது, இறங்குகிறது. என் அழுகைச் சத்தம் டி.வி.யிலிருந்து கேட்டது. அப்பா முன்னால் குனிந்தார். கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார். நான் எழுந்துவிட்டேன்.

"ஏலே" என்றார்.

"என்னப்பா?"

"நீ என்ன சாமியச் சுத்துத மாதிரி சுத்துத?"

எனக்குப் புரியவில்லை.

"வலப்பக்கமா போற. கோயில்லதான் அப்படிப் போவாவ. இதுக்கு எடப்பக்கமாலா சுத்தணும். கொடம் எந்தத் தோள்ல இருக்குன்னு பாத்தியா? அதுவும் தப்பு, எடது தோள்லலா இருக்கணும்." அவர் கூட்டத்தைப் பார்த்து, "இவனுக்கு ஒண்ணும் தெரியல. இவன நம்பி எப்படிப் போறது?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "லைட் அந்தப் பக்கம் இல்லப்பா" என்று சொன்னேன். எனக்கே அது கேட்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா நிலைப்படியில் வந்து நின்று, கழுகுமலைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

மீசை மறுபடி வளர மூன்று மாதம் ஆனது. தொடர் அடுத்த வருடம் முடிந்துவிட்டது. பிறகு எனக்கு நிலையான பாத்திரம் எதுவும் வரவில்லை. மறுபடி டாக்டர், மறுபடி வாட்ச்மேன்.

அப்பா அதற்குப் பிறகு ஆறு விதைப்பு பார்த்தார். போனது ஒரு மத்தியானம், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது. சுடுகாட்டில் ஊர் நாவிதர் என் தலையை வழித்தார். முடித்துவிட்டு மீசைக்கு வந்தபோது அவர் கை கொஞ்சம் நின்றது. கழுகுமலை நாவிதர் கேட்டதையே இவரும் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தியில் ஒட்டியிருந்த முடியைத் துடைப்பதற்காக நின்றிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. வழித்துவிட்டார்.

குடத்தைக் கையில் கொடுத்தார்கள். பழக்கத்தில் வலது தோளில் வைத்துக்கொண்டேன். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. என் கால் தானாக வலப்பக்கம் எழுந்தது. நின்றேன். தண்ணீர் தளும்பி என் முதுகில் வழிந்தது. குடத்தை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, இடப்பக்கமாக முதல் அடி வைத்தேன்.